மெய்யியல், அரசியல், கடல்கடந்து ஓராண்டு

சென்னையின் தெற்கே பல்லாவரம் தொடங்கித் தாம்பரம் வரை செல்லும் இரயில் தடத்தின் இரு பக்கமும் இன்று தொழிற்கல்வி நிறுவனங்களின் பெயர்ப்பலகைகளே மிகுதியாகக் கண்ணில் படுகின்றன. குரோம்பேட்டையில் 1949-இல் தொடங்கப்பட்ட எம்.ஐ.டி. இப்பகுதிக்குத் தேடித் தந்த புகழும் பொறியியலின் புகழே. ஆயினும் தமிழகத்தில் மெய்யியலும் அரசியலும் எங்கே, எவ்வாறு ஒன்றையொன்று சந்தித்தன என்று எழுத முற்படுபவர், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம் என்னும் நான்கு நிலையங்களுக்குள்ளேயே தம் நூலின் சில முதன்மையான இயல்களைக் கண்டெடுத்துவிடலாம். பல்லாவரத்தில் மறைமலையடிகள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து சைவ சித்தாந்தத்தையும் மொழியுரிமையையும் ஒருசேர எழுதினார். தாம்பரத்தில் 1937 முதல் இயங்கிவரும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, மெய்யியலிலும் அரசியல் அறிவியலிலும் இன்றும் இளங்கலை மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறது.

இவ்விரு பாடங்களையும் ஒரே பட்டத்தில் இணைத்துப் படிப்பதும், அப்படிப்பின் நடுவே ஓராண்டை அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கழித்துவிட்டுத் திரும்பி வந்து பட்டத்தை நிறைவு செய்வதும் பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் வழக்கமாகிவிட்ட ஏற்பாடுகள். தமிழகத்தில் அயல்நாட்டுக் கல்வி என்றால் பட்டம் முடித்த பின் மேற்படிப்புக்குப் போவது என்றே பெற்றோரும் மாணவரும் பொருள் கொள்கின்றனர். அதுவும் பெரும்பாலும் பொறியியலுக்கும் மேலாண்மைக்கும் உரியதாகவே கருதப்படுகிறது. மெய்யியல் படிக்கும் பத்தொன்பது வயது மாணவர் ஒருவர் ஓராண்டு வெளியே சென்று வருவதால் என்ன விளையும் என்ற கேள்விக்கு இப்பகுதியின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது என்பதும், அந்த விடையை இன்றைய விதிமுறைகள் சில மறித்து நிற்கின்றன என்பதும் விரிவாகப் பேசப்பட வேண்டியவை.

மெய்யியல் என்பது உண்மை எது, அதை அறிவது எப்படி, நல்லது எது என்ற அடிப்படை வினாக்களை முறையாக ஆராயும் துறை. சரியான வாதத்தையும் பிழையான வாதத்தையும் பிரித்துக் காட்டும் அளவையியல், அறிவின் தோற்றத்தையும் எல்லையையும் ஆராயும் அறிவாய்வியல், செயலின் நன்மை தீமைகளை எடைபோடும் அறவியல் ஆகியவை அதன் கிளைகள். அரசியல் அறிவியல் என்பது அரசு, சட்டம், கட்சி, தேர்தல், அதிகாரம் ஆகியவை நடைமுறையில் எவ்வாறு இயங்குகின்றன என்பதை ஆராய்வது. இரண்டுக்கும் நடுவில், அரசுக்குக் கீழ்ப்படிய வேண்டிய கடமை எங்கிருந்து வருகிறது, நீதி என்றால் என்ன என்று கேட்கும் அரசியல் மெய்யியல் நிற்கிறது. இரு துறைகளும் தனித்தனிக் கட்டடங்களில் நடக்கும் கல்லூரிகளில் இந்த நடுப்பகுதியே முதலில் கைவிடப்படுகிறது.

ஒரே கட்டடத்தில் மூவர்

1837-இல் ஸ்காட்லாந்து மிஷனரிகளால் பள்ளியாகத் தொடங்கப்பட்ட சென்னைக் கிறித்தவக் கல்லூரி, தாம்பரத்துக்கு வருவதற்கு முன் நூறாண்டுக் காலம் ஜார்ஜ் டவுனில், உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அந்தக் கட்டடத்தில் மூவர் ஒரே காலத்தில் நடமாடினர். 1898 முதல் 1911 வரை அங்கே தமிழாசிரியராகப் பணியாற்றியவர், பின்னாளில் மறைமலையடிகள் என்று பெயர் பூண்ட நாகப்பட்டினத்து வேதாசலம். 1903-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்து மெய்யியல் கற்பித்தவர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக். திருத்தணியிலிருந்து வேலூர் வழியாக அங்கே வந்து சேர்ந்து, மெய்யியல் படித்த மாணவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். இம்மூவரும் பின்னர் சென்ற திசைகள் வெவ்வேறு. ஆனால் மெய்யியலை அரசியலிலிருந்து பிரித்து வைக்க முடியாது என்பதை மூவரின் வாழ்க்கையும் வெவ்வேறு வழிகளில் மெய்ப்பித்தன.

இராதாகிருஷ்ணன் மெய்யியலைத் தேர்ந்தெடுத்தது பெரும் தேடலின் விளைவு அன்று. அதே கல்லூரியில் பட்டம் பெற்ற உறவினர் ஒருவர் தம் மெய்யியல் பாடநூல்களை அவருக்குக் கொடுத்தார். நூல் வாங்க வசதியில்லாத மாணவருக்கு அதுவே பாடத்தைத் தீர்மானித்தது. தமிழகத்தின் எத்தனையோ முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குப் பாடம் இப்படித்தான் அமைகிறது என்பதால் இச்செய்தியைச் சிறியதென்று ஒதுக்க இயலாது. வகுப்பில் அவர் எதிர்கொண்டதுதான் அதைவிட முக்கியமானது. வேதாந்தத்தில் அறவியலுக்கு இடமில்லை, உலகம் மாயை என்று கொள்பவர் உலகத்தில் நன்மை செய்ய வேண்டிய காரணம் என்ன என்ற வினாவை அவருடைய கிறித்தவ ஆசிரியர்கள் எழுப்பினர். பிறந்த வீட்டில் கேள்வியின்றி ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒன்றுக்குக் காரணம் சொல்ல வேண்டிய நிலை அந்த மாணவருக்கு அங்கே ஏற்பட்டது. 1908-இல், இருபது வயதில், முதுகலைப் பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வேடு வேதாந்தத்தின் அறவியலையும் அதற்கு அடிப்படையான மெய்ப்பொருள் கொள்கைகளையும் பற்றியது. அது அந்தக் கேள்விக்கான பதிலே.

இராதாகிருஷ்ணன் மாணவராக ஒருநாள்கூட அயல்நாட்டில் படித்தவர் அல்லர். 1926-இல், கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தபோதுதான், அவர் முதன்முறையாகக் கடல் கடந்தார். அதே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டில் சொற்பொழிவாற்றினார். 1936-இல் அங்கே கீழை நாட்டுச் சமயங்களுக்கும் அறவியலுக்குமான ஸ்பால்டிங் பேராசிரியரானார். பின்னர் சோவியத் ஒன்றியத்துக்கான தூதர், துணைக் குடியரசுத் தலைவர், 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவர் என்று மெய்யியலாளர் ஒருவர் அரசின் தலைமைக்கே சென்றார். அயல்நாட்டு ஆண்டு இல்லாமலே இவ்வளவும் நிகழ்ந்ததே, பிறகு அதற்கு என்ன தேவை என்று கேட்பவர் உண்டு. அவருக்கு அந்த ஆண்டு கிடைக்காமல் இல்லை. அது அவருடைய வகுப்பறைக்கே வந்தது என்பதே சரியான விடை. அயல்நாட்டில் ஓராண்டு என்பதன் உட்பொருள் விமானப் பயணமோ குளிர்காலமோ அன்று. தன் முன்முடிவுகளைப் பகிர்ந்துகொள்ளாத மனிதர்கள் முன் அவற்றுக்குக் காரணம் காட்ட வேண்டிய கட்டாயமே அது. இன்றைய கல்லூரி வகுப்பில் அந்தக் கட்டாயம் மிகக் குறைவு. ஆசிரியரும் மாணவரும் ஏறத்தாழ ஒரே மாவட்டங்களிலிருந்து, ஒரே நம்பிக்கைகளோடு வருகின்றனர். ஆகவேதான் பயணம் தேவைப்படுகிறது.

மறைமலையடிகளின் வழி வேறு. அவருக்கு முன் அக்கல்லூரியின் தமிழ்த்துறையை நடத்திய பரிதிமாற் கலைஞரும் இளங்கலையில் தமிழோடு மெய்யியலையும் பாடமாகப் படித்தவர் என்பதால், அங்கே தமிழும் மெய்யியலும் அயல் துறைகளாக இருக்கவில்லை. 1911-இல் கல்லூரிப் பணியிலிருந்து நீங்கிய அடிகள் பல்லாவரத்தில் குடியேறினார், துறவு பூண்டார், பின்னர் பொதுநிலைக் கழகம் எனப் பெயர் பெற்ற சமரச சன்மார்க்க அமைப்பை நடத்தினார், ஆயிரக்கணக்கான நூல்களைத் திரட்டித் தம் இல்லத்தை ஆய்வகமாக்கினார். உயிர், உலகு, இறை மூன்றும் என்றும் உள்ளவை என்று கொள்ளும் சைவ சித்தாந்தமே அவருடைய மெய்யியல். அந்தச் சித்தாந்தத்தைத் தமிழரின் சொந்த அறிவு மரபாக அவர் நிறுவ முற்பட்டபோது, அது மொழி பற்றிய, சாதி பற்றிய, யாருடைய வரலாறு எழுதப்படுகிறது என்பது பற்றிய வாதமாக விரிந்தது. 1916-இல் தனித்தமிழ் இயக்கமும், சாதி வேற்றுமையைக் கண்டிக்கும் நூலும், 1937-இல் இந்தியைப் பொதுமொழியாக்குவதை மறுக்கும் நூலும் அவ்வழியே வந்தன. இலங்கைக்குச் சென்று அங்குள்ள சைவர்களிடையே பல முறை சொற்பொழிவாற்றிய அனுபவமும் அவருக்கு உண்டு. மெய்யியல் வினா ஒன்று எந்தப் புள்ளியில் அரசியல் வினாவாகிறது என்பதைப் படிக்க விரும்பும் மாணவருக்குப் பல்லாவரத்து அடிகளைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அருகில் இல்லை. ஆயினும் மெய்யியல் பாடத்திட்டங்களில் அவருக்கு உரிய இடம் தரப்படாமல், தமிழ்த்துறையின் பொறுப்பில் மட்டும் அவர் விடப்பட்டிருப்பது வருத்தத்துக்குரியது.

தாம்பரம், 1938

கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையான தடத்தில் 1931-இல் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. ஆறு ஆண்டுகளில் கல்லூரி நகர நெரிசலைவிட்டுச் சேலையூர்க் காட்டுப் பகுதிக்கு, ஏறத்தாழ 365 ஏக்கர் வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. மாணவரும் ஆசிரியரும் ஒரே வளாகத்தில் வாழும் விடுதிக் கல்வியே அதன் நோக்கம். சேலையூர் இல்லம், புனித தோமையர் இல்லம், பிஷப் ஹீபர் இல்லம் ஆகியவை அந்நோக்கத்தின் வடிவங்கள்.

அங்கே 1938 டிசம்பரில் நடந்த மாநாடு உலகச் சமய மெய்யியல் நூல்களில் இன்றும் ‘தாம்பரம்’ என்ற ஊர்ப்பெயராலேயே சுட்டப்படுகிறது. ஏறத்தாழ எழுபது நாடுகளிலிருந்து 470-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்ட அந்தப் பன்னாட்டு மிஷனரி மாநாடு, முதலில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடப்பதாக இருந்தது. சீனாவின் மீது ஜப்பான் தொடுத்த போரால் அது தாம்பரத்துக்கு மாற்றப்பட்டது. போரிட்டுக்கொண்டிருந்த இரு நாடுகளின் பேராளர்களும் ஒரே கூடத்தில் அமர்ந்தனர். மாநாட்டுக்கென நெதர்லாந்து அறிஞர் ஹென்றிக் கிரேமர் எழுதிய நூல், கிறித்தவ வெளிப்பாட்டுக்கும் பிற சமயங்களுக்கும் தொடர்ச்சி இல்லை என்று வாதிட்டது. முப்பத்தைந்து ஆண்டுகள் சென்னை மாணவர்களுக்குக் கற்பித்திருந்த ஹாக் அதை மறுத்தார். பிற சமயங்களை வெறும் கோட்பாட்டுத் தொகுதிகளாகப் பார்ப்பது வேறு, அச்சமயங்களைச் சார்ந்த மனிதர்களிடம் உயிரோடு இருக்கும் இறைநம்பிக்கையைக் காண்பது வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். கிரேமரும் ஜாவாவில் நெடுங்காலம் வாழ்ந்தவர்தான். அயல்நாட்டில் வாழ்ந்த இருவர் எதிரெதிர் முடிவுகளுக்கு வந்தனர். அயல்நாட்டு வாசம் ஒருவருடைய கருத்தை இன்ன திசையில் மாற்றும் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆனால் ஹாக் தம் மாணவர்களிடமிருந்து கற்றவற்றைப் பற்றிச் சொல்லாமல் அவருடைய மறுப்பை விளக்க முடியாது.

ஆக்ஸ்ஃபோர்டில் 1920-இல் தொடங்கப்பட்ட ஒரு பட்டப்படிப்பும் இக்கதையோடு தொடர்புடையது. மெய்யியல், அரசியல், பொருளாதாரம் ஆகிய மூன்றையும் இணைத்த அப்படிப்பு, கிரேக்கமும் இலத்தீனும் கற்றவர்களுக்கே உரியதாக இருந்த பழைய மெய்யியல் கல்விக்கு மாற்றாக, பொது வாழ்வில் ஈடுபடவிருப்போருக்கென உருவாக்கப்பட்டது. அதற்காக உழைத்தவர்களுள் ஒருவர் ஏ.டி. லிண்ட்சே, பேலியோல் கல்லூரியின் தலைவராகப் பின்னர் விளங்கிய மெய்யியலாளர். அவரே 1930–31-இல் இந்தியாவின் கிறித்தவக் கல்லூரிகளை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். கல்லூரிகள் தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் இடங்களாக மட்டும் இராமல் தம்மைச் சூழ்ந்த மக்களின் வாழ்வை ஆராய்ந்து அதற்குப் பயன்பட வேண்டும் என்பது அக்குழு வலியுறுத்திய கருத்து. இந்தியாவில் அந்த மூன்று பாடக் கூட்டு இன்று அசோகா பல்கலைக்கழகம் போன்ற தனியார் நிறுவனங்களில் கிடைக்கிறது. அரசு உதவி பெறும் கட்டணத்தில் படிக்கக்கூடிய தமிழகக் கல்லூரி ஒன்றில், ஏற்கெனவே இருக்கும் இரு துறைகளின் ஆசிரியர்களைக் கொண்டே மெய்யியல்–அரசியல் கூட்டுப் பட்டத்தை நடத்த முடியும் என்பது இன்னும் செயலாகவில்லை.

ஒரு தீர்ப்பும் இரு துறைகளும்

கூட்டுப் படிப்பின் தேவையை விளக்க மேலைநாட்டு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. 1921-இல் நீதிக் கட்சி அரசு வகுப்புவாரி ஆணையைப் பிறப்பித்தது. அரசுப் பணியிலும் பின்னர் கல்லூரி இடங்களிலும் வகுப்புவாரிப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் அந்தப் பங்கீடு செல்லாது என்றது. அதே ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தம், அத்தகைய ஒதுக்கீட்டுக்கு இடந்தரும் 15(4) பிரிவைச் சேர்த்தது. தமிழகத்தின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டுச் சட்டம் 1994-இல் ஒன்பதாம் அட்டவணையில் இடம்பெற்றது. இந்த வரிசையை அரசியல் அறிவியல் மாணவர் மனப்பாடமாகச் சொல்வார். ஆனால் எல்லாரையும் ஒரே அளவுகோலால் அளப்பதுதான் சமத்துவமா, சமமற்ற தொடக்கங்களைச் சரிசெய்வது சமத்துவமா என்ற வினா ஆண்டுகளின் வரிசையில் விடை காணக்கூடியது அன்று. அது மெய்யியல் வினா. 1971-இல் ஜான் ரால்ஸ் வெளியிட்ட நீதிக் கோட்பாடு, சமூகத்தில் தமக்கு என்ன இடம் வாய்க்கும் என்று அறியாத நிலையில் மனிதர்கள் எத்தகைய விதிகளை ஏற்பார்கள் என்று கேட்டு, ஏற்றத்தாழ்வுகள் மிகவும் பின்தங்கியோருக்கு நன்மை தந்தால் மட்டுமே அவற்றை ஏற்கலாம் என்ற வேறுபாட்டு நெறியை முன்வைக்கிறது. மெய்யியல் மாணவர் இதைப் படிக்கிறார். ஆனால் தன் வீட்டிலேயே ஒருவர் சேர்க்கைக் கலந்தாய்வில் நின்ற அனுபவத்தை அதோடு இணைத்துப் பார்க்கும்படி அவரிடம் எவரும் கேட்பதில்லை.

இந்த மாணவர் ஓராண்டை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கழிக்கிறார் என்று கொண்டால், 2023 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்வதை ஹார்வர்டு வழக்கில் தடைசெய்ததைப் பற்றிய வாதங்களின் நடுவே அவர் அமர்வார். அங்கே உடன் படிப்பவருக்கு 69 விழுக்காடு என்பது நம்ப முடியாத எண். தாம்பரத்து மாணவருக்கு அது மழை, வெயில் போன்ற இயல்பு. ஏன் என்று கேட்கப்படும்போது, ‘எங்கள் மாநிலத்தில் அப்படித்தான்’ என்னும் விடை அந்த வகுப்பில் போதாது. முதல் ஆணையின் காலத்தில் அரசுப் பணிகள் யார் கையில் இருந்தன என்பதிலிருந்து தொடங்கி, வாய்ப்பின் சமத்துவம் குறித்த கோட்பாடு வரை அவர் சொல்லியாக வேண்டும். இப்படிச் சொல்ல நேரும் மாணவர் தம் ஊரின் நிலைப்பாட்டைக் கைவிட வேண்டும் என்பதில்லை. அதை முன்னிலும் உறுதியாக, ஆனால் இம்முறை காரணங்களோடு, பற்றிக்கொள்ளவும் கூடும்.

மூன்றில் ஒரு பங்கு

தமிழ் இலக்கியத்துக்கு இத்தகைய கல்விப் பயணம் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தின் தலைவி உருவை மாற்றிக்கொண்டு வஞ்சி நகருக்குச் சென்று, அங்குள்ள பல சமயவாதிகளிடம் அவரவர் கொள்கையைக் கேட்டறிகிறாள். பின்னர் காஞ்சியில் அறவண அடிகளிடம் பௌத்த அளவையியலைக் கற்கிறாள். அவளே அதற்கு முன் அரசனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றியவள் என்பதால், அரசின் தண்டனை அதிகாரமும் மெய்யியல் தேடலும் ஒரே பாத்திரத்தில் சந்திக்கின்றன. பிற்காலத்தில் இரங்கூனிலிருந்து ‘ஜோதி’ இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா, 1942-இல் போரின் நடுவே பர்மாவிலிருந்து நடந்தே தாயகம் திரும்பியவர். பிளேட்டோவையும் ரூசோவையும் தமிழ்வழியில் அரசியல் படிப்போர்க்குக் கொண்டுவந்து சேர்த்தவர் அவரே.

பல்கலைக்கழகப் பட்டத்தின் ஒரு பகுதியாக அயல்நாட்டு ஆண்டை முறைப்படுத்தியது 1923-இல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகம்; முதல் உலகப் போரில் பணியாற்றித் திரும்பிய பிரெஞ்சு மொழி ஆசிரியர் ரேமண்ட் கெர்க்பிரைட் எட்டு மாணவர்களைப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றார். 1987-இல் ஐரோப்பாவில் தொடங்கிய எராஸ்மஸ் திட்டம் முதலாண்டில் 11 நாடுகளுக்கிடையே 3,244 மாணவர்களை அனுப்பிப் பின்னர் பல இலட்சம் பேரின் திட்டமாக வளர்ந்தது. பிரிட்டனில் மெய்யியலும் அரசியலும் சேர்ந்த மூன்றாண்டுப் பட்டம், அயல்நாட்டு ஆண்டோடு சேரும்போது நான்காண்டாகிறது. மூன்றாம் ஆண்டு வெளிநாட்டில் கழிகிறது. பல பல்கலைக்கழகங்களில் அந்த ஆண்டின் மதிப்பெண் இறுதித் தரத்தில் சேர்வதில்லை, தேறினால் போதும். மதிப்பெண் இழப்போம் என்ற அச்சமின்றி அறியாத பாடங்களை எடுக்க மாணவருக்குத் துணிவு வருகிறது. இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவரிடம் அந்த ஆண்டுக்கு வாங்கும் கட்டணம், வழக்கமான உச்சவரம்பில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும் விதி இருக்கிறது.

இந்தியாவில் இதற்கான வழியைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஒழுங்குமுறைகள் ஓரளவு திறந்தன. அவை மூன்று வகை ஏற்பாடுகளை வகுக்கின்றன. ‘ட்வின்னிங்’ எனப்படும் முதல் வகையில் பட்டம் இந்திய நிறுவனத்தினுடையது. மாணவர் படிப்பின் ஒரு பகுதியை வெளிநாட்டில் முடிக்கலாம். மற்ற இரண்டும் இரு நிறுவனங்களும் சேர்ந்து ஒரே பட்டமோ, தனித்தனியே இரு பட்டங்களோ வழங்குவது. முதல் வகையில் வெளிநாட்டில் ஈட்டும் கிரெடிட், அதாவது பாடச் சுமையைக் கணக்கிடும் அலகு, மொத்தத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டலாகாது. மூன்றாண்டுப் பட்டத்தில் ஓராண்டு என்பது மூன்றில் ஒரு பங்கு. 33 விழுக்காட்டுக்குச் சற்று மேல். 120 கிரெடிட் கொண்ட பட்டத்தில் வெளிநாட்டில் அதிகபட்சம் 36 ஈட்டலாம், ஓராண்டின் சுமையோ 40. ஆக, தமிழகத்தில் நிலைபெற்றிருக்கும் மூன்றாண்டு இளங்கலைக்குள் ஒரு முழு ஆண்டை ட்வின்னிங் வழியே பொருத்த இயலாது. ஒரு செமஸ்டரைத்தான் பொருத்தலாம். 160 கிரெடிட் கொண்ட நான்காண்டுப் பட்டத்தில் 48 வரை இடமிருப்பதால் ஓராண்டு பொருந்தும். நான்கு கிரெடிட் குறைவால் மூடிக்கிடக்கும் இந்தக் கதவைத் திறக்கப் பட்டத்தை எல்லாருக்கும் நான்காண்டாக்க வேண்டியதில்லை. ஏழைக் குடும்பங்களின் மேல் கூடுதல் ஆண்டின் செலவைச் சுமத்துவதைத் தமிழகம் எதிர்ப்பது நியாயமானது. வெளியே செல்ல விரும்பும் மாணவருக்கு மட்டும், பிரிட்டன் செய்வதைப் போல, ஓராண்டைக் கூட்டித் தருவதே பொருத்தமான வழி.

போக்குவரத்து இதுவரை பெரிதும் ஒரு திசையிலேயே நடந்துள்ளது. வட கரோலினாவின் டேவிட்சன் கல்லூரி மாணவர்கள் ஒரு செமஸ்டர் காலம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தங்கிப் படிக்கும் ஏற்பாடு நெடுங்காலமாக இருந்துவருகிறது. இங்கிருந்து அங்கே இளங்கலை நடுவில் செல்வதற்கோ நிதி வேண்டும். ரோட்ஸ், செவனிங், காமன்வெல்த் போன்ற புகழ்பெற்ற உதவித்தொகைகள் பட்டம் பெற்றவர்களுக்கானவை. இளங்கலை மாணவரை அழைக்கும் ஜெர்மனியின் டாட் அமைப்பின் கோடைப் பயிற்சித் திட்டம் அறிவியல், பொறியியல் மாணவருக்கே உரியது. மெய்யியல் மாணவர் இரண்டுக்கும் இடையில் விழுகிறார். மீனம்பாக்கத்திலிருந்து எழும் விமானங்கள் பல்லாவரத்தின் மேலே பறக்கின்றன என்பதால் அந்த ஊரின் முதல் தலைமுறை மாணவருக்குப் பயணம் எளிதாகிவிடுவதில்லை.

பொதுப் பணமும் ஒரு விதியும்

நிதியைப் பற்றிப் பேசும்போது, 2022-இல் எடுக்கப்பட்ட ஒரு முடிவைத் தவிர்த்துச் செல்ல முடியாது. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற வேளாண் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் குடும்பங்களைச் சேர்ந்தோர் வெளிநாட்டில் முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்க உதவும் ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை 1950-களிலிருந்து நடப்பது. அதன் நெறிமுறைகள் 2022-இல் திருத்தப்பட்டபோது, இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளில் படிக்க உதவி இல்லை என்று சேர்க்கப்பட்டது. இந்தியாவைப் பற்றி ஆராய இந்தியாவிலேயே நூல்களும் ஆசிரியர்களும் இருக்கையில் வெளியே செல்வானேன் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம்.

மேலே கண்ட வரலாறு முழுவதும் இக்காரணத்துக்கு எதிராக நிற்கிறது. 1913-இல் பரோடா அரசரின் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அம்பேத்கர், அங்கே மெய்யியலாளர் ஜான் டூயியிடம் பயின்றார். அறிவு என்பது அனுபவத்தின் சிக்கல்களைத் தீர்க்கும் கருவி என்றும், மக்களாட்சி என்பது அரசின் வடிவம் மட்டுமன்று, மனிதர் கூடி வாழும் முறை என்றும் கருதியவர் டூயி. 1916 மே மாதம் மானுடவியலாளர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் அம்பேத்கர் படித்த கட்டுரை, இந்தியாவில் சாதிகள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு இயங்குகின்றன, எவ்வாறு பெருகின என்பதைப் பற்றியது. அந்தக் கட்டுரையை அந்த ஆண்டுகளில் இந்தியக் கல்லூரி எதிலும் அந்தச் சுதந்திரத்தோடு அவர் எழுதியிருக்க முடியாது. தாம்பரத்திலும் இதற்கு இணை உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வராக 1962 முதல் 1972 வரை பணியாற்றிய சந்திரன் தேவநேசன், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எடுத்துக்கொண்ட ஆய்வுப்பொருள் காந்தி. போர்பந்தரும் இலண்டனும் தென்னாப்பிரிக்காவும் சேர்ந்து காந்தியை எவ்வாறு உருவாக்கின என்று 1909 வரையான வாழ்வை ஆராயும் அந்நூல் 1969-இல் வெளிவந்தது. ஊரை விட்டு விலகி நின்று ஊரைப் பார்த்தவர்களின் ஆக்கங்கள் இவை. 2022-இன் நெறிமுறையை அளவாகக் கொண்டால் இவ்விரண்டு தலைப்புகளுக்குமே உதவித்தொகை மறுக்கப்படும்.

வசதியுள்ள குடும்பத்து மாணவரை இந்த விதி தொடாது. அவர் தம் பணத்தில் சென்று சாதியையும் அரசியலமைப்பையும் எங்கே வேண்டுமானாலும் ஆராயலாம். பொதுப் பணத்தை நம்பியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மட்டுமே, தங்களைப் பற்றிய கேள்வியைத் தவிர வேறு எதையும் படிக்கலாம் என்று அது சொல்கிறது. தமிழக அரசு ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கென நடத்தும் அயலக உயர்கல்வி உதவித் திட்டம் அம்பேத்கரின் பெயரைத் தாங்கியது. அந்தப் பெயருக்கு உரிய முறையில் மெய்யியலும் அரசியலும் படிப்போரை அது வெளிப்படையாக அழைக்க வேண்டும், இளங்கலையின் நடுவில் செல்லும் ஓராண்டையும் உதவிக்குரியதாக்க வேண்டும், இந்தியாவைப் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு எந்தத் தடையும் இல்லை என்பதை அதன் விதிகளிலேயே எழுதி வைக்க வேண்டும். ஒன்றிய அரசு 2022-இல் சேர்த்த விலக்கை நீக்க வேண்டும் என்று தமிழகத்தின் மெய்யியல், அரசியல் துறைகள் எழுத்து மூலம் கேட்பதற்கும் இனித் தாமதிக்க வேண்டிய காரணம் இல்லை.